கேளுங்க, சொல்றோம்: மீட்டர்ல ஒண்ணு, பிஎல்சில வேற ஒண்ணு

இந்த மாசம் வந்த கேள்விகள்ல நிறைய ஒரே விஷயத்தைச் சுத்தியே இருந்துச்சு. சென்சார் நல்லாத்தான் இருக்கு, பிஎல்சியும் (மிஷினை ஓட்டுற குட்டி கம்ப்யூட்டர்) நல்லாத்தான் இருக்கு, ரெண்டையும் சேர்த்தா மட்டும் கணக்கு உதைக்குது. அதனால வீட்டு இன்வெர்ட்டர், சோலார் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு. கேட்டவங்க பொறுத்துக்கோங்க.

கேள்வி: சார், நாங்க கோயம்புத்தூர்ல மோட்டார் ரீவைண்டிங் பண்றோம், வார்னிஷ் அடிச்சு காய வைக்கிற ஓவன் ஒண்ணு இருக்கு. பழைய கன்ட்ரோலர் போயிடுச்சுன்னு சின்ன பிஎல்சி போட்டோம். சென்சார் 100 கே (100 கிலோ ஓம்) என்டிசி, அதாவது சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் இறங்குறது, கண்ணாடி மணி டைப். 10 வோல்ட்ல இருந்து 100 கே ரெசிஸ்டர், அதுக்குக் கீழ என்டிசி, என்டிசியோட இன்னொரு கால் கிரவுண்ட்ல, நடு பாயிண்டை அனலாக் இன்புட்டுக்குக் குடுத்தோம். காலைல ஓவன் ஆறிக் கிடக்கும்போது 41 டிகிரி காட்டுது, சுவத்துல மாட்டின தெர்மாமீட்டர் 25ங்குது. ஆனா 150க்கு ஏத்தினா கிட்டத்தட்ட சரியா வந்துடுது. சென்சாரை மாத்தியும் பாத்தாச்சு, அதேதான். பிஎல்சி குடுத்தவர் சென்சார் தப்புங்கிறார், சென்சார் கடைக்காரர் பிஎல்சி தப்புங்கிறார். யாரை நம்புறது?

பதில்: ரெண்டு பேரையும் நம்பாதீங்க, ரெண்டு பொருளும் நல்லாத்தான் இருக்கு. கோளாறு ரெண்டும் சேர்ற இடத்துல.

0-10 வோல்ட் இன்புட்டுன்னா அது வோல்டேஜை சும்மா எட்டிப் பாத்துட்டு போயிடாது, கொஞ்சம் கரன்ட்டையும் இழுக்கும். உள்ள கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்குன்னு வச்சுக்கோங்க. உதாரணத்துக்கு சீமென்ஸ் எஸ்7-1200 சிபியூ மேலயே ரெண்டு அனலாக் இன்புட் இருக்குல்ல, அதுக்கு டேட்டாஷீட்ல 100 கிலோ ஓம் அல்லது அதுக்கு மேலன்னு போட்டிருப்பாங்க. முறையான டிரான்ஸ்மிட்டர் (சென்சார் சிக்னலை தெம்பா மாத்திக் குடுக்கிற டப்பா) ஒண்ணு 0-10 வோல்ட் குடுக்கும்போது இது ஒரு பொருட்டே இல்ல, பத்து வோல்ட்டுக்கு 0.1 மில்லி ஆம்ப்தான் போகும். ஆனா உங்க என்டிசியே 25 டிகிரில 100 கிலோ ஓம், அதுக்குப் பக்கத்துல பேரலலா இன்னொரு 100 கிலோ ஓம் வந்து உக்காந்தா மொத்தம் 50. பிஎல்சி கண்ணுக்கு உங்க சென்சார் 50 கிலோ ஓம்னுதான் தெரியுது. பீட்டா (சூட்டுக்கு ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு வேகமா மாறும்ங்கிற நம்பர்) 3950 உள்ள என்டிசி எந்த டிகிரில 50 கிலோ ஓம் ஆகும்னு போட்டுப் பாத்தா 41.5 வருது. நீங்க எழுதின 41 அதுதான். ஊத்து கம்மியான கிணத்துல பெரிய மோட்டாரை இறக்கின கதை, மோட்டார் நிக்கும்போது தண்ணி மட்டம் ஒண்ணு, ஸ்விட்ச் போட்டதும் மட்டம் வேற.

150ல ஏன் சரியா வருதுன்னா, அந்த சூட்டுல என்டிசி 2 கிலோ ஓம்க்கு இறங்கிடும். 2க்கு பக்கத்துல 100 பேரலலா வந்தா 1.96, தப்பு 1 டிகிரி கூட இல்ல. அதாவது சூடு ஏற ஏற தப்பு தானா கரைஞ்சுடுது, அதனாலதான் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டிக்கிட்டே இருக்க முடியுது. ஆனா 150லயும் முழுசா சந்தோஷப்படாதீங்க. உங்களுது 10 பிட் இன்புட்டா, அதாவது 10 வோல்ட்டை 1024 படியா பிரிக்கிறதா இருந்தா ஒரு படி கிட்டத்தட்ட 9.8 மில்லி வோல்ட். நீங்க போட்ட 100 கே ரெசிஸ்டர்ல அந்த சூட்டுக்கு டிகிரிக்கு 4 மில்லி வோல்ட் சொச்சம்தான் மாறும், அப்போ டிஸ்ப்ளே ரெண்டு ரெண்டு டிகிரியா குதிச்சுதான் ஏறும், உத்துப் பாருங்க தெரியும்.

சரி, மேல இருக்கிற ரெசிஸ்டரை மாத்தினா 41 போயிடுமான்னு கேப்பீங்க. போகாது. 10 கே போட்டாலும் 1 கே போட்டாலும் காலைல 41தான் வரும், ஏன்னா பிஎல்சி இன்புட் பேரலலா உக்காந்திருக்கிறது என்டிசி மேல, ரெசிஸ்டர் மேல இல்ல. அதனால இடத்தை மாத்திப் போடுங்க. என்டிசியை மேல, 10 வோல்ட்டுக்கும் இன்புட்டுக்கும் நடுவுல. கீழ, இன்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல, ஒரு 10 கே 1 சதவீத ரெசிஸ்டர். இப்போ பிஎல்சியோட 100 கே அந்த மாறாத 10 கே கூட சேர்ந்து 9.09 கே ஆயிடும், அதுவும் மாறாத நம்பர்தானே, ப்ரோக்ராம்ல 10க்கு பதிலா 9.09னு போட்டுட்டா முடிஞ்சுது. 25 டிகிரில 0.83 வோல்ட், 150ல 8.2 வோல்ட் வரும், சூடு ஏறினா வோல்டேஜும் ஏறும், ரெண்டு முனையிலயும் டிகிரிக்கு 30 மில்லி வோல்ட்டுக்கு மேல கிடைக்கும். ஒரு ஐசி கூட வேண்டாம். என்டிசி நேர்கோடு கிடையாதுங்கிறதை மறந்துடாதீங்க, ரெண்டு பாயிண்ட் ஸ்கேலிங் வச்சு சமாளிக்க முடியாது, லாகரிதம் ஃபார்முலாவோ டேபிளோ போட்டே ஆகணும்.

டேட்டாஷீட்ல "அதுக்கு மேல"ன்னு போட்டிருக்கே, நிஜமா எவ்வளவுன்னு எப்படி தெரியும்? ரெண்டு 100 கே ரெசிஸ்டரை சீரிஸா 10 வோல்ட்ல போட்டு நடு பாயிண்டை இன்புட்டுல சொருகி மீட்டர் வச்சுப் பாருங்க. சொருகாம 5 வோல்ட் கிட்ட இருக்கும். சொருகினதும் 3.3 ஆனா இன்புட் 100 கே, 4 ஆனா 200 கே. பிஎல்சியை மாத்தினா இதை மறுபடி ஒரு தடவை பாத்துக்கோங்க. 100 கே இருந்த இடத்துல 130 கே வந்தா உங்க ஓவன்ல 150க்கு 1 டிகிரி அளவுக்கு வித்தியாசம் வரும், வார்னிஷுக்கு அது பரவாயில்ல.

கேள்வி: ஓசூர்ல ரோஜாப்பூ பேக்கிங் யூனிட் கோல்டு ரூம். 10 கே என்டிசி 4 எண்ணம், மேல 10 கே ரெசிஸ்டர், கீழ என்டிசி, ஒவ்வொண்ணும் 40 மீட்டர் வயர். ரூம் 2 டிகிரில இருக்கும்போது பிஎல்சி 7ங்குது, கம்ப்ரசர் நிக்கவே மாட்டேங்குது. வயர் நீளம்தான் காரணம்னு எலக்ட்ரீசியன் சொல்றார், மூணு வயர் கேபிள் இழுக்கச் சொல்றார். ஆப்-ஆம்ப் பஃபர் (சென்சார்ல கரன்ட் இழுக்காம அதே வோல்டேஜை தெம்பா பிஎல்சிக்கு குடுக்கிற ஐசி) போடணும்னு இன்னொருத்தர். எது?

பதில்: கேபிளுக்கு காசு போடாதீங்க. 0.5 சதுர மி.மீ. வயர்ல போக வர 80 மீட்டருக்கு 3 ஓம் கூட வராது. உங்க என்டிசி 2 டிகிரில 30 கிலோ ஓம், முப்பதாயிரத்துல மூணு போனா யாருக்கு தெரியப் போகுது. மூணு வயர், நாலு வயர் எல்லாம் பிடி100ங்கிற பிளாட்டினம் சென்சாருக்கு. அதுல டிகிரிக்கு 0.385 ஓம்தான், 3 ஓம் சேர்ந்தா 7, 8 டிகிரி தப்பு காட்டும். எலக்ட்ரீசியன் அந்த அனுபவத்துல சொல்லியிருப்பார், அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

உங்க கோளாறும் கோயம்புத்தூர்க்காரருடையதேதான், திசை மட்டும் மாறுது. அவருக்கு சூடாக சூடாக சரியாகுது, உங்களுக்கு குளிரக் குளிர மோசமாகுது. 30.3 கே கூட 100 கே பேரலல் ஆனா 23 கே சொச்சம், அது 7.2 டிகிரிக்கு சமம். இது சாதாரண ரூம் டெம்பரேச்சர்ல இருந்தா 25க்கு 27தான் காட்டியிருக்கும், யாரும் கண்டுக்காம விட்டிருப்பீங்க. கம்ப்ரசர் நிக்காம ஓடி பூ விறைச்சுப் போறதுக்கு முன்னாடி கேட்டது நல்லதாப் போச்சு.

இடம் மாத்திப் போடுற வழி உங்களுக்கும் ஒத்து வரும். ஆனா ஆப்-ஆம்ப் போடுறதுல இன்னொரு லாபம் இருக்கு, அது சென்சார் தன்னைத்தானே சூடாக்கிக்கிறது சம்பந்தப்பட்டது. 10 வோல்ட், மேல 10 கே, கீழ 30 கேன்னா என்டிசி மேல ஏழரை வோல்ட் நிக்குது, அதுல 1.9 மில்லி வாட் வெப்பமா போகுது. சின்ன மணி சென்சார் காத்தோட்டம் இல்லாத இடத்துல 2 மில்லி வாட்டுக்கு 1 டிகிரி வரைக்கும் தன்னால சூடாகும். 2 டிகிரி ரூம்ல இதுவும் ஒரு பங்கு. பஃபர் இருந்தா மேல 33 கே போடலாம், வெப்பம் பாதிக்கும் கீழ போயிடும், நடு பாயிண்டும் 5 வோல்ட் கிட்ட வந்து உக்காரும்.

ஐசிக்கு அலைய வேண்டாம். நாலு சென்சார்னா எல்எம்324 ஒண்ணு போதும், உள்ள நாலு ஆப்-ஆம்ப் இருக்கு. ரெண்டு சென்சார்னா எல்எம்358. 32 வோல்ட் வரைக்கும் தாங்கும், அதனால பேனல்ல இருக்கிற 24 வோல்ட்லயே ஓட்டலாம், 10 வோல்ட் வரைக்கும் தாராளமா வெளிய குடுக்கும். அவுட்புட்டை மைனஸ் இன்புட்டுக்கு இழுத்துக் கட்டினா பஃபர் ரெடி. இதோட இன்புட் இழுக்கிற கரன்ட் 45 நானோ ஆம்ப் அளவுலதான், உங்க சர்க்யூட்ல 1 மில்லி வோல்ட் கூட தப்பு வராது. சப்ளை கால் பக்கத்துல ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட், அவுட்புட்ல ஒரு 100 ஓம், 24 வோல்ட் லைன்ல ஒரு சர்ஜ் டையோடு. கான்டாக்டர் காயில் அதே சப்ளைல இருந்தா அந்த டையோடை சிக்கனம் பண்ணாதீங்க. டிவைடருக்கு (அந்த ரெசிஸ்டர்-என்டிசி ஜோடிக்கு) குடுக்கிற 10 வோல்ட்டை மட்டும் தனி ரெஃபரன்ஸ்ல இருந்து எடுங்க. 24 வோல்ட்ல இருந்து ரெசிஸ்டர் போட்டு இறக்கினா, கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் ரூம் டெம்பரேச்சரும் ஆடும்.

கேள்வி: அண்ணா, நான் பாலிடெக்னிக் மூணாம் வருஷம், சேலம். வோல்டேஜ் இன்புட்லதானே இந்தத் தொல்லை, 24 வோல்ட்ல இருந்து என்டிசியை சீரிஸா நேரா 4-20 மில்லி ஆம்ப் இன்புட்டுக்கு குடுத்தா என்ன? ரெசிஸ்டன்ஸ் மாறினா கரன்ட் மாறும்தானே?

பதில்: மாறும் தம்பி, ஆனா 4ல இருந்து 20க்குள்ள மாறாது. 100 கே என்டிசில 25 டிகிரிக்கு 0.24 மில்லி ஆம்ப்தான் போகும், பிஎல்சி வயர் அறுந்துடுச்சுன்னு அலாரம் அடிக்கும் (3.6 மில்லி ஆம்புக்கு கீழ போனா கோளாறுன்னு எடுத்துக்கிறது அந்தத் துறைல பழக்கம்). 150 டிகிரில 10 மில்லி ஆம்புக்கு மேல போகும், கேக்க நல்லா இருக்கு, ஆனா அப்போ அந்தக் கடுகு சைஸ் மணில 200 மில்லி வாட்டுக்கு மேல எரியும், அது ஓவன் சூட்டைச் சொல்லாது, தன் சூட்டைச் சொல்லும், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். 4-20 வேணும்னா நடுவுல டிரான்ஸ்மிட்டர் வேணும். ப்ராஜெக்ட்டுக்கு நீங்களே கட்டணும்னா எக்ஸ்டிஆர்116னு ஒரு ஐசி இதுக்குன்னே இருக்கு, அதோட டேட்டாஷீட்டை உக்காந்து படிங்க, வைவால கேப்பாங்க.

கேள்வி: திருப்பூர், சாயப்பட்டறை கழிவு நீர் சுத்திகரிப்பு. பிஎச் மீட்டர் விலை ஜாஸ்தின்னு எலக்ட்ரோடு மட்டும் வாங்கி, பிஎன்சி (எலக்ட்ரோடு கேபிள் கனெக்டர்) நடு கம்பியை அனலாக் மாடியூல் பிளஸ்லயும் வலையை மைனஸ்லயும் குடுத்து, மில்லி வோல்ட்டை பிஎச்சா ப்ரோக்ராம்ல மாத்திக்கிட்டோம். எதுல முக்கினாலும் 7 காட்டுது. பிஎச் 4 பஃபர் கரைசல்லயும் 7, 10 பஃபர் கரைசல்லயும் 7, சோடா ஆஷ் தொட்டிலயும் 7. எலக்ட்ரோடு டூப்ளிகேட்டா?

பதில்: எலக்ட்ரோடு அசலாத்தான் இருக்கும். ஓவன்காரருக்கு இருந்தது 100 கிலோ ஓம், உங்களுக்கு இருக்கிறது 100 மெகா ஓம். ஆயிரம் மடங்கு. பிஎச் எலக்ட்ரோடு நுனில இருக்கிற கண்ணாடி குமிழ் வழியாத்தான் சிக்னலே வருது, கண்ணாடி கரன்ட்டை விடாதுன்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்பீங்க, இந்தக் கண்ணாடி போனாப் போகுதுன்னு கொஞ்சூண்டு விடும். 4 பஃபர்ல முக்கினா 25 டிகிரில 177 மில்லி வோல்ட் வரணும், ஒரு பிஎச்சுக்கு 59.16 மில்லி வோல்ட் கணக்கு. உங்க மாடியூல் இன்புட் 1 மெகா ஓம்னே வச்சுக்குவோம், 177ல 2 மில்லி வோல்ட் கூட மிஞ்சாது. பூஜ்யம் மில்லி வோல்ட்டுன்னா பிஎச் 7. அதனாலதான் உலகத்துல இருக்கிற எல்லா தண்ணியும் உங்களுக்கு 7. இதுல ஆபத்து என்னன்னா 7ங்கிறது எல்லாரும் பாக்க ஆசைப்படுற நம்பர். ஓவன் 41னு காட்டினா யாராவது கேள்வி கேப்பாங்க, கழிவு நீர் தொட்டி 7ன்னு காட்டினா கையெழுத்துப் போட்டுட்டு போயிடுவாங்க.

மல்டிமீட்டர் வச்சு சரி பாக்கலாம்னு போகாதீங்க. நல்ல மீட்டரே 10 மெகா ஓம்தான், 177க்கு 16 காட்டும், நீங்க எலக்ட்ரோடு செத்துப் போச்சுன்னு முடிவு பண்ணிடுவீங்க. ஓம் ரேஞ்சுல வச்சு கண்ணாடியை அளக்கிற வேலையே வேண்டாம்.

இந்தத் தலைவலி புதுசும் இல்ல. கண்ணாடி எலக்ட்ரோடு 1909லயே வந்துடுச்சு, ஆனா அந்தக் காலத்து கால்வனோமீட்டரை ஆட்ட அதுக்குத் தெம்பு இல்ல. 1934ல கலிஃபோர்னியால எலுமிச்சம் பழச் சாறோட புளிப்பை அளக்கணும்னு பழ விவசாயிங்க கூட்டுறவுல வேலை பாத்த பழைய நண்பர் வந்து கேட்டப்போ, ஆர்னால்டு பெக்மன் நடுவுல வேக்யூம் டியூப் ஆம்ப்ளிஃபயரை போட்டார். அதுதான் பிஎச் மீட்டர். நீங்க விலை ஜாஸ்தின்னு விட்டுட்டு வந்தீங்களே, அந்த டப்பாக்குள்ள முக்கியமா இருக்கிறதே இந்த ஆம்ப்ளிஃபயர்தான்.

எந்த ஆப்-ஆம்ப் போடுறதுன்னும் கேப்பீங்க. எல்எம்358 இங்க வேலைக்கு ஆகாது, அதோட 45 நானோ ஆம்ப் 100 மெகா ஓம்ல போனா நாலரை வோல்ட், சிக்னலே 0.4 வோல்ட்தான். டிஎல்072 பரவாயில்லன்னு சொல்வாங்க, 65 பிக்கோ ஆம்ப், அறை சூட்டுல 0.1 பிஎச் தப்பு. ஆனா ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அந்தக் கரன்ட் ரெட்டிப்பாகும், மே மாசம் உங்க பேனலுக்குள்ள 45 டிகிரி இருந்தா தப்பு 0.4 பிஎச்க்கு போயிடும். எல்எம்சி6482, எல்எம்பி7721 மாதிரி ஃபெம்டோ ஆம்ப்ல இருக்கிறதுதான் சரி. ஐசி சரியா போட்டாலும் போர்டு கவுக்கும். சால்டரிங் ஃப்ளக்ஸ் கறை, விரல் ரேகை, பிஎன்சிக்குள்ள ஈரம், இதுல ஏதாவது ஒண்ணு 1000 மெகா ஓம் கசிவு குடுத்தாலே பத்துல ஒரு பங்கு சிக்னல் போச்சு. கேபிள் பத்தலன்னு நடுவுல சாதா வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்துற வேலை இங்க நடக்காது. வயர் காத்துல ஆடினாலே ரீடிங் ஆடும்.

அப்புறம் ஒண்ணு, உங்க தொட்டி எர்த் ஆகியிருக்கும், பிஎல்சி கிரவுண்டும் எர்த் ஆகியிருக்கும், எலக்ட்ரோடோட ரெஃபரன்ஸ் தண்ணில இருக்கு. ஐசொலேஷன் (ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல கரன்ட் போற வழி இல்லாம பிரிக்கிறது) இல்லன்னா இந்த மூணும் சேர்ந்து ஒரு வட்டம் போடும். கண்டுபிடிக்கிறது சுலபம், எலக்ட்ரோடை கழட்டி பிளாஸ்டிக் வாளில அதே தொட்டித் தண்ணியை மொண்டு அதுல முக்குங்க. வாளில ஒரு ரீடிங், தொட்டில வேற ரீடிங்னா இதுதான்.

அதனால என் அபிப்பிராயத்தை நேராவே சொல்றேன், ஓவனுக்கு ரெசிஸ்டரை இடம் மாத்திப் போடுங்கன்னு சொன்ன நானே உங்களுக்கு நீங்களா கட்டாதீங்கன்னுதான் சொல்வேன். ஐசொலேஷனோட வர்ற 4-20 பிஎச் டிரான்ஸ்மிட்டர் ஒண்ணு வாங்குங்க, எலக்ட்ரோடுக்கு பக்கத்துலயே மாட்டுங்க, அங்கிருந்து பேனல் வரைக்கும் 4-20 ஓடட்டும், அது ரொம்ப தூரம் ஓடும். டெம்பரேச்சர் காம்பன்சேஷன் இருக்கிறதா பாத்து வாங்குங்க, 25 டிகிரில 59 மில்லி வோல்ட்டா இருக்கிறது 50 டிகிரில 64 ஆயிடும், சாயப்பட்டறை தண்ணி சூடாத்தானே வருது.

கேள்வி: அம்பத்தூர், இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மிஷின். 300 மி.மீ. லீனியர் பொட்டென்ஷியோமீட்டர், 10 கே. பிஎல்சில ரெண்டு முனையும் கச்சிதமா செட் பண்ணிட்டோம், ஆனா நடுவுல ஸ்கேல் வச்சுப் பாத்தா 3, 4 மி.மீ. கம்மியா காட்டுது. ஸ்லைடு தேஞ்சுடுச்சா?

பதில்: தேஞ்சிருந்தா ரீடிங் குதிக்கும், இப்படி வழுவழுன்னு வளையாது. ரெண்டு முனைலயும் வைப்பர் (ஸ்லைடுல நகர்ற கால்) நேரா சப்ளைலயோ கிரவுண்ட்லயோ நிக்குது, அங்க பிஎல்சி எவ்வளவு இழுத்தாலும் வோல்டேஜ் அசையாது. நடுவுல வந்தா வைப்பருக்கு பின்னாடி 2.5 கே ரெசிஸ்டன்ஸ் இருக்கு, இன்புட் 100 கேன்னா 5 வோல்ட்டுக்கு பதிலா 4.88. 150 மி.மீ.ல 3.7 மி.மீ. குறையும், அதிகபட்சமா 200 மி.மீ. கிட்ட 4.4 வரைக்கும் போகும். ரெண்டு முனையை எத்தனை தடவை செட் பண்ணினாலும் நடு வயிறு தொங்கத்தான் செய்யும்.

1 கே பொட் மாத்தினா தப்பு பத்துல ஒண்ணாயிடும், ஆனா 10 வோல்ட் சப்ளை 10 மில்லி ஆம்ப் குடுக்கணும், அது குடுக்குமான்னு பாத்துக்கோங்க. பஃபர் போடுறது இன்னும் நல்லது. இந்த கண்டக்டிவ் பிளாஸ்டிக் ஸ்லைடு எல்லாம் வைப்பர்ல மைக்ரோ ஆம்ப் அளவுக்குத்தான் கரன்ட் எடுக்கணும்னு வச்சு செஞ்சது, நீங்க இப்போ 50 மைக்ரோ ஆம்ப் எடுத்துட்டு இருக்கீங்க. தப்பித் தவறி மாடியூலை கரன்ட் மோடுல விட்டுட்டு வைப்பரை சொருகிடாதீங்க, 250 ஓம் வழியா 40 மில்லி ஆம்ப் போய் டிராக் கருகிடும்.

கேள்வி: ராஜபாளையம் ஸ்பின்னிங் மில். சேனல் 2ல சென்சாரைக் கழட்டிட்டோம், ஆனாலும் அது சேனல் 1 காட்டுறதையே கொஞ்சம் ஏறக்குறைய காட்டிக்கிட்டு இருக்கு. விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாத்துற டிரைவ்) ஓடினா ரெண்டும் ஆடுது. மாடியூல் போயிடுச்சா?

பதில்: போகல. நிறைய மாடியூல்ல உள்ள ஏடிசி (வோல்டேஜை நம்பரா மாத்துற சிப்) ஒண்ணுதான் இருக்கும், சேனல் ஒவ்வொண்ணையும் மாத்தி மாத்தி எடுத்துப் பாக்கும். சேனல் 1ஐ பாத்துட்டு வரும்போது உள்ள கெப்பாசிட்டர்ல அந்த வோல்டேஜ் தங்கியிருக்கும். சேனல் 2ல தெம்பான சோர்ஸ் இருந்தா அதை உடனே மாத்திடும், அந்தரத்துல தொங்கினா பழைய வோல்டேஜே தெரியும். சும்மா இருக்கிற சேனலை ஷார்ட் பண்ணி கிரவுண்ட்ல போட்டுடுங்க. உயர் ரெசிஸ்டன்ஸ் சென்சார் போட்ட சேனல்லயும் இதே கோளாறு பாதி அளவுல நடக்கும், அதை யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, ஏன்னா ரீடிங் நம்புற மாதிரியே இருக்கும். இன்புட் டெர்மினல்லயே ஒரு 1 மைக்ரோ ஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்டா அடங்கும், 50 கே சோர்ஸ்ல அது 50 மில்லி செகண்ட் தாமதம்தான், ஈரப்பதத்துக்கும் டெம்பரேச்சருக்கும் அது ஒண்ணுமே இல்ல. விஎஃப்டி ஆட்டத்துக்கு பஃபரை பேனல்ல வைக்காம சென்சார் பக்கத்துல வைங்க, ஷீல்டை ஒரு முனைல மட்டும் எர்த் பண்ணுங்க, மாடியூல் செட்டிங்ல ஃபில்டர் 50 ஹெர்ட்ஸ்ல இருக்கான்னும் பாருங்க, 60ல விட்டுட்டு வர்றவங்க நிறைய பேர்.

கேள்வி: நாமக்கல், குடிதண்ணி கம்பெனி. டேங்க்ல எஸ்எஸ் கம்பி ரெண்டு இறக்கி பிஎல்சி டிஜிட்டல் இன்புட்டுக்கு 24 வோல்ட் குடுத்திருக்கோம். போர் தண்ணி டேங்க்ல வேலை செய்யுது, ஆர்ஓ டேங்க்ல தண்ணி நிரம்பி வழிஞ்சாலும் லைட் எரிய மாட்டேங்குது.

பதில்: அனலாக் இல்லன்னாலும் வியாதி அதேதான். டிஜிட்டல் இன்புட் ஆன் ஆகணும்னா பொதுவா 15 வோல்ட்டாவது நிக்கணும், 2.5 மில்லி ஆம்ப் கிட்ட ஓடணும். 24ல மிச்சம் 9 வோல்ட், அப்போ தண்ணி வழியா ரெசிஸ்டன்ஸ் 3.6 கிலோ ஓம்க்குள்ள இருந்தாத்தான் கதை ஓடும். போர் தண்ணில உப்பு இருக்கு, ஒப்பேறிடுச்சு. ஆர்ஓ தண்ணில உப்பை எடுத்துட்டீங்க, ரெசிஸ்டன்ஸ் பல மடங்கு ஏறிடும்.

போர் டேங்க்ல வேலை செய்யுறதும் ரொம்ப நாளைக்கு இல்ல. டிசி குடுத்தா ஒரு கம்பி அரிக்கும், இன்னொண்ணுல வெள்ளையா படியும், குடிக்கிற தண்ணில இது வேண்டாத வேலை. ஏசில ஓடுற லெவல் ரிலேன்னு எலக்ட்ரிகல் கடைல கிடைக்கும், கம்பிக்கு சின்ன ஏசி வோல்டேஜ் குடுத்து அளந்துட்டு பிஎல்சிக்கு காஞ்ச கான்டாக்ட் (வோல்டேஜ் இல்லாத வெறும் ஸ்விட்ச்) குடுக்கும். வாங்கும்போது 100 கிலோ ஓம் வரைக்கும் சென்சிடிவிட்டி திருப்ப முடியுமான்னு கேட்டு வாங்குங்க, அந்தத் திருகாணியை ஆர்ஓ தண்ணிலயே வச்சு செட் பண்ணுங்க. போர் தண்ணில செட் பண்ணிட்டு ஆர்ஓ டேங்க்ல கொண்டு போய் மாட்டினா மறுபடி வழியும்.